எந்தக் கதவைத் தட்டுவது? அரசாங்கத்தைப் பற்றிப் பினாங்கு மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த்தில் சனிக்கிழமை மாலைகளில் படிவம் 4, 5 மாணவர்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். எஸ்பிஎம் தேர்வுக்கு வேண்டியது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடம் முடிந்து பையை மூடும்போது வரும் கேள்விகள்தான் அதில் இருப்பதில்லை. "ரோட்டு விளக்கு எரியலன்னா யார்கிட்ட சொல்றது டீச்சர்?" "அகோங் நெனச்சா பிரதமரை மாத்திட முடியுமா?" இப்படி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நாடு, மாநிலம், அரசாங்கம் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. மலாயில் நெகாரா, நெகிரி, கெராஜாஆன் என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. நெகாரா என்பது நாடு. நிலம், மக்கள், எல்லை, சட்டம் எல்லாம் சேர்ந்தது. நெகிரி என்பது மாநிலம். கெராஜாஆன் என்பது அரசாங்கம். நாட்டையோ மாநிலத்தையோ ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு நடத்தும் பொறுப்பை ஏற்றவர்கள். அரசாங்கம் மாறும், நாடு அப்படியே இருக்கும். 2018 மே 9-ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில், சுதந்திரம் பெற்ற நாள்முதல் ஆட்சியில் இருந்த கூட்டணி முதல் தடவையாகத் தோற்றது. மறுநாள் காவல் நிலையமும் மருத்துவமனையும் வழக்கம்போல இயங்கின. ஆகவே அரசாங்கத்தைக் குறை சொல்பவரை நாட்டை வெறுப்பவர் என்று யாராவது சொன்னால், அவர் இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்கிறார்.

மலேசியாவில் நடப்பது மன்னராட்சியா, மக்களாட்சியா?

இரண்டும்தான். மாமன்னர், அதாவது அகோங், நாட்டின் தலைவர். ஆட்சியை நடத்துவது மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்திலிருந்து வரும் அமைச்சரவை. இருவருக்கும் மேலே அரசியலமைப்புச் சட்டம். மன்னரும் அதற்குக் கட்டுப்பட்டவர் என்பதால்தான் இதை அரசியலமைப்புக்கு உட்பட்ட மன்னராட்சி என்கிறோம்.

மற்ற நாடுகளைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். புருணையில் சுல்தானே நாட்டின் தலைவர், அவரே பிரதமரும். இந்தியா குடியரசு, அங்கே மன்னர் கிடையாது, குடியரசுத் தலைவர் பெரும்பாலும் பிரதமர் தலைமையிலான அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பார். இலங்கையில் 1978 முதல் அதிபரே ஆட்சியின் தலைவர். அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவிலும் அதிபர் ஆட்சிதான். ஆனால் அங்கே அதிபர் நாடாளுமன்றத்தில் உட்கார மாட்டார். நம் பிரதமரோ மக்களவை உறுப்பினராக இருந்தே தீரவேண்டும்.

மாமன்னரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பினாங்குக்கு ஏன் சுல்தான் இல்லை?

நாட்டில் 13 மாநிலங்கள். அவற்றில் 9 மாநிலங்களுக்கு மன்னர்கள் உண்டு. அந்த 9 பேரும் மன்னர்கள் மாநாட்டில் கூடித் தங்களுக்குள் ஒருவரை 5 ஆண்டுகளுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜொகூர் சுல்தான் இப்ராகிம் 2024 ஜனவரி 31-இல் 17-ஆவது மாமன்னராகப் பதவியேற்றார். மன்னரையே ஒரு தவணைக்குத் தேர்ந்தெடுக்கும் இந்த ஏற்பாடு உலகில் மிக அரிது.

பினாங்குத் தீவு ஒருகாலத்தில் கெடா சுல்தானுக்குச் சொந்தமாக இருந்தது. 1786-இல் பிரான்சிஸ் லைட் அங்கே கிழக்கிந்தியக் கம்பெனிக் கொடியை ஏற்றினார். 1800-இல் எதிர்க்கரையான செபராங் பிறையும் கைமாறியது. பிறகு மலாக்கா, சிங்கப்பூரோடு சேர்ந்து பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட நீரிணைக் குடியேற்றப் பகுதியானது. அதனால் இங்கே அரச பரம்பரை இல்லை. பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் நான்கிலும் மாமன்னர் நியமிக்கும் ஆளுநர்தான் மாநிலத் தலைவர். இந்த நான்கு ஆளுநர்களுக்கும் மாமன்னரைத் தேர்ந்தெடுப்பதில் பங்கில்லை. கெடாவில் மந்திரி பெசார் என்பதும் நம் ஊரில் முதலமைச்சர் என்பதும் இதனால் வந்த வேறுபாடுதான், வேலை ஒன்றே.

எங்கள் வீட்டுப் பின்னால் சாக்கடை அடைத்திருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினரிடம் சொல்லலாமா?

சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அது அவருடைய கதவு இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கூட்டரசு முறை, அதாவது நாட்டு அரசாங்கமும் மாநில அரசாங்கங்களும் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை, பாதி புரிந்த மாதிரி.

ஒரு சனிக்கிழமை எல்லோரையும் வீட்டிலிருந்து ஏதாவது வரி கட்டிய காகிதம் கொண்டுவரச் சொன்னேன். மேசைமேல் மூன்று வகைக் காகிதங்கள் சேர்ந்தன. ஒன்று ஊராட்சி மன்றத்தின் மதிப்பீட்டு வரிக் கடிதம், மடிப்பில் மஞ்சள் கறையோடு. வீடுகளில் இதை 'வீட்டு வரி' என்பார்கள், ஆண்டுக்கு இரு தவணை. இரண்டாவது நில அலுவலகத்தின் நில வரி ரசீது, ஆண்டுக்கு ஒரு முறை. மூன்றாவது ஓர் அப்பாவின் சம்பளச் சீட்டு. அதில் 'பிசிபி' என்ற வரிசையில் மாதாமாதம் பிடிக்கும் வருமான வரி. வீட்டு வரி ஊராட்சி மன்றத்துக்கு, நில வரி மாநில அரசுக்கு, வருமான வரி கூட்டரசு அரசாங்கத்துக்கு. ஒரே குடும்பம் மூன்று அரசாங்கங்களுக்குப் பணம் கட்டுகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் முதல் இரண்டையும் பார்த்திருக்க மாட்டார்கள்; வீட்டுக்காரர் கட்டுவார்.

பணம் போகிற இடத்தில்தான் பொறுப்பும் இருக்கிறது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, போலீஸ், ராணுவம், பாஸ்போர்ட், ஐசி (அடையாள அட்டை) எல்லாம் கூட்டரசு அரசாங்கத்தின் கையில். நிலம், ஆறு, காடு, இஸ்லாமிய சமய விவகாரம், ஊராட்சி மன்றங்களை மேற்பார்ப்பது ஆகியவை மாநிலத்தின் கையில். சாக்கடை, குப்பை, அங்காடிக் கடை உரிமம், விளையாட்டுத் திடல், வீட்டை இழுத்துக் கட்டுவதற்கான அனுமதி ஆகியவை ஊராட்சி மன்றத்தின் கையில். கூட்டரசு, மாநிலப் பிரிவினை அரசியலமைப்புச் சட்டத்தின் 9-ஆவது அட்டவணையில் பட்டியல் போட்டு எழுதப்பட்டிருக்கிறது.

சாலைக்குக்கூட இந்தக் கணக்கு உண்டு. கிலோமீட்டர் பலகையில் வெறும் எண் இருந்தால் கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து இருந்தால் பினாங்கு மாநிலச் சாலை. கெடாவுக்குள் நுழைந்தால் அது 'கே' ஆகிவிடும். குழி விழுந்த இடத்தில் பலகையைப் பார்த்துவிட்டுப் புகார் எழுதுங்கள்.

சாக்கடை கதைக்கு வருகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவியின் அப்பா, கோயில் திருவிழாவுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் வரும்போது நேரில் சொல்லலாம் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஊராட்சி மன்றத்துக்குத்தான் எழுதினார். அந்தக் கடிதத்தை முதல் வாரமே அப்பா எழுதியிருக்கலாம். எந்தக் கதவு என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

தைப்பூசத்துக்கு நமக்கு லீவு, சுங்கைப் பட்டாணியில் இருக்கிற மாமா பிள்ளைக்கு ஏன் நிச்சயமில்லை?

தைப்பூசம் மாநிலங்கள் முடிவு செய்யும் விடுமுறை. பினாங்கின் பட்டியலில் அது இருக்கிறது. சுங்கைப் பட்டாணி இருக்கும் கெடாவின் நிலையான பட்டியலில் இல்லை. அங்கே மாநில அரசு தனியாக அறிவித்தால் உண்டு. வார விடுமுறையும் அப்படித்தான்: நமக்குச் சனி, ஞாயிறு, சுங்கை மூடா ஆற்றைத் தாண்டினால் வெள்ளி, சனி. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தூங்கும்போது மாமா பிள்ளை பள்ளிச் சபையில் தேசிய கீதமான 'நெகாராகூ' பாடிக்கொண்டிருப்பான்.

தமிழ்ப்பள்ளிக்குக் கட்டடம் வேண்டுமென்றால் எந்த அரசாங்கம்?

இரண்டும். ஆசிரியர் நியமனம், சம்பளம், பாடத்திட்டம் கூட்டரசுக் கல்வி அமைச்சிடம். பள்ளி நிற்கும் நிலத்தை ஒதுக்குவது மாநில அரசு. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டத்து நிலத்தில் தொடங்கிய பள்ளிகளுக்கு இந்த நில விவகாரம் எவ்வளவு பெரியது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருந்த எவரையும் கேளுங்கள். ஒரு கோப்பு இரண்டு அரசாங்கங்களின் மேசையில் நகர வேண்டும். இரண்டும் வெவ்வேறு கட்சிகளின் கையில் இருக்கும்போது இன்னும் மெதுவாக நகரும்.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு நாம் ஓட்டுப் போடுவதே இல்லையே?

இப்போது இல்லை. ஒரு காலத்தில் போட்டோம். மலாயாவிலேயே முதலில் போட்டது நம் ஜார்ஜ்டவுன்தான், 1951-இல். 1957 ஜனவரி 1-இல் ஜார்ஜ்டவுன் மாநகர் தகுதி பெற்றது. அதன் முதல் மேயர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன் என்ற தமிழர். முன்பு ஸ்காட் ரோடு என்று இருந்த சாலைக்கு இன்று அவர் பெயர். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பலகையைப் பாருங்கள். நாடு சுதந்திரம் பெறுவதற்கு எட்டு மாதம் முன்பே, மக்கள் ஓட்டுப் போட்டு அமைத்த மன்றத்துக்கு ஒரு தமிழர் தலைமை தாங்கினார். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

1965-இல், இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நேரத்தில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அந்தக் கதவை அடைத்தது. அதன்படி உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு மன்றத்தில் அதிகபட்சம் 24 பேர். 2012-இல் பினாங்குச் சட்டமன்றம் ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர ஒரு சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அப்படிச் செய்ய மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது.

தேர்தல் வந்தால் இன அரசியல் தெருவரைக்கும் இறங்கிவிடும் என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனாலும் நம் வாசலுக்கு மிக அருகில் இருக்கும் அரசாங்கத்தை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் இரண்டு பக்கமும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிரதமருக்கு நாம் நேரடியாக ஓட்டுப் போடுகிறோமா?

இல்லை. உங்கள் தொகுதிக்கு ஒரு மக்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். மக்களவையில் 222 இடங்கள்; பினாங்குக்கு அதில் 13. பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று மாமன்னர் கருதுகிறாரோ அவரைப் பிரதமராக நியமிக்கிறார். அரசியலமைப்புச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு இப்படிச் சொல்கிறது. சாதாரணப் பெரும்பான்மை என்றால் 112.

2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் 112 கிடைக்கவில்லை. ஐந்து நாள் நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. மாமன்னர் கட்சித் தலைவர்களை அரண்மனைக்கு அழைத்துப் பேசினார். 24-ஆம் தேதி அன்வார் இப்ராகிம் பிரதமராகப் பதவியேற்றார். டிசம்பர் 19-இல் அவர் மக்களவையில் நம்பிக்கைத் தீர்மானத்தைச் சந்தித்தார். மாமன்னர் நினைத்தால் பிரதமரை மாற்றிவிட முடியுமா என்று கேட்டவனுக்குப் பதிலும் இதில் இருக்கிறது. பிரதமர் பெரும்பான்மை ஆதரவை இழந்தால் பதவி விலக வேண்டும். அல்லது நாடாளுமன்றத்தைக் கலைக்கும்படி மாமன்னரைக் கேட்கலாம். கலைக்க மறுக்கும் உரிமை மாமன்னருக்கு உண்டு. இப்படிச் சில இடங்களில்தான் அவர் சொந்தமாக முடிவெடுக்கலாம். மற்றபடி அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும்.

அதிக ஓட்டு வாங்கியும் தோற்க முடியுமா?

முடியும். 2013 பொதுத்தேர்தலில் அன்றைய எதிர்க்கட்சிக் கூட்டணிக்குச் சுமார் 51 விழுக்காடு ஓட்டு, 89 இடம். அன்று ஆட்சியில் இருந்த தேசிய முன்னணிக்குச் சுமார் 47 விழுக்காடு ஓட்டு, 133 இடம். ஆட்சி தேசிய முன்னணிக்கே.

காரணம் எளிது. ஒவ்வொரு தொகுதியிலும் யார் முன்னால் வருகிறாரோ அவர் வெற்றி பெறுகிறார். 100 பேர் ஓட்டுப் போட்டு ஒருவருக்கு 40, இன்னொருவருக்கு 35, மூன்றாமவருக்கு 25 என்றால் 40 வாங்கியவர் ஜெயிப்பார், 60 பேருக்கு அவர் வேண்டாம் என்றாலும். ஒரு கட்சி சில தொகுதிகளில் மலைபோல ஓட்டுக் குவித்து மற்ற இடங்களில் கொஞ்சத்தில் தோற்றால், மொத்த ஓட்டு அதிகம், இடம் குறைவு. தொகுதிகளின் அளவும் சமமில்லை. நகரத்தில் பெரியவை, கிராமப்புறத்தில் சிறியவை.

ஜெயித்தபிறகு கட்சி மாறினால்?

முன்பு ஒன்றும் செய்ய முடியாது. 2020 பிப்ரவரியில் உறுப்பினர்கள் அணி மாறியதால் தேர்தலே இல்லாமல் அரசாங்கம் மாறியது. 2022 அக்டோபர் 5 முதல் கட்சித் தாவலுக்கு எதிரான சட்டம் நடப்பில் இருக்கிறது. தேர்தலில் ஜெயித்த கட்சியைவிட்டு மக்களவை உறுப்பினர் தானாக விலகினால் அவர் இடம் காலியாகும், இடைத்தேர்தல் வரும். கட்சியே அவரை நீக்கினால் இடம் போகாது. இந்த ஓட்டை சரியா தவறா என்று வகுப்பில் விவாதம் வைத்தால் ஒரு மணிநேரம் போதாது.

நீதிமன்றமும் அரசாங்கம்தானே, பிறகு எப்படி அரசாங்கத்தை எதிர்த்துத் தீர்ப்புச் சொல்கிறது?

சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம், அதை நடத்துவது அமைச்சரவையும் அரசு ஊழியர்களும், சட்டத்துக்குப் பொருள் சொல்வது நீதிமன்றம். மூன்றையும் ஒருவர் கையில் கொடுத்தால் வேலியே பயிரை மேய்ந்த கதைதான். கேட்க ஆள் இருக்காது. நம் அமைப்பில் முதல் இரண்டும் முழுதாகப் பிரிந்திருக்கவில்லை, அமைச்சர்களும் நாடாளுமன்றத்தில்தான் உட்கார்கிறார்கள். அதனால் மூன்றாவது தனியாக நிற்பது இன்னும் முக்கியம்.

இது பெரிய மனிதர்களின் வழக்குக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். போலீஸ் ஒருவரைக் கைது செய்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், அவர் அனுமதியில்லாமல் அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 5-ஆவது பிரிவு. இந்த ஒரு வரியை ஒவ்வொரு பையனும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எதிர்க்கட்சி எதற்கு? சும்மா சண்டை போடத்தானே?

கேள்வி கேட்க. வரவு செலவுத் திட்டத்தில் ஒவ்வொரு ரிங்கிட்டும் எங்கே போகிறது என்று கேட்பவர் இல்லாவிட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. சேரவேண்டிய இடத்தில் சேர்ந்தும் நிற்பார்கள்: வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்த திருத்தத்துக்கு 2019 ஜூலை 16-இல் மக்களவையில் 211 பேர் ஆதரவளித்தார்கள். அரசியலமைப்பைத் திருத்தப் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 பேர் வேண்டும். எந்தப் பக்கமும் தனியாக அந்த எண்ணிக்கையை எட்டாத நாளில் அது நடந்தது.

நாம் தமிழ் படிப்பதைச் சட்டம் பாதுகாக்கிறதா?

152-ஆவது பிரிவைப் பாருங்கள். தேசிய மொழி மலாய் என்று சொல்லும் அதே பிரிவு, வேறு எந்த மொழியையும் பயன்படுத்துவதையோ கற்பதையோ கற்பிப்பதையோ யாரும் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பயன்படுத்துவதில் அரசாங்க அலுவல் மட்டும் விலக்கு.

மக்களாட்சி வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டு உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏறத்தாழ 920-ஆம் ஆண்டு. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரித்து, தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, வாரிய உறுப்பினர்களை எடுத்தார்கள். குடவோலை முறை. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் தகுதி இழந்தார்கள். இன்றைக்கும் கேட்க நன்றாக இருக்கும் விதி!

ஆனால் உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். அது பிராமணர் ஊர்ச்சபை, சொந்த நிலமும் வீடும் வேதக் கல்வியும் வேண்டும், பெண்களுக்கு இடமில்லை. நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன்மார் அந்தக் குடத்தின் அருகில்கூடப் போயிருக்க முடியாது. பெருமைப்படும் இடத்தில் பெருமைப்படலாம், மீதியை மறைக்க வேண்டாம்.

என் பாட்டி இங்கேயே பிறந்தவர், சிவப்பு ஐசி வைத்திருக்கிறார். அவர் ஏன் ஓட்டுப் போட முடியவில்லை?

இந்தக் கேள்வி வரும்போது வகுப்பு அமைதியாகிவிடும். நீல ஐசி குடிமக்களுக்கு, சிவப்பு நிரந்தரவாசிகளுக்கு, பச்சை தற்காலிகவாசிகளுக்கு. குடிமக்களுக்குத்தான் ஓட்டு. தோட்டத்தில் பிறந்து பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டவர்கள், பதிவு நடந்த காலத்தில் விண்ணப்பிக்காதவர்கள், எழுதப் படிக்கத் தெரியாததால் தயங்கியவர்கள் என்று நம் சமூகத்தில் நிறையப் பேர். மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, முன் இங்கே பிறந்தவர், வசிப்பும் நன்னடத்தையும் மலாயில் அடிப்படை அறிவும் இருந்தால், பதிவின் மூலம் குடியுரிமை கோர 16-ஆவது பிரிவு இடம் தருகிறது. பிறப்புப் பத்திரம், படித்த பள்ளியின் சான்று, பழைய தோட்டச் சம்பள அட்டை, எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். குடியுரிமை கூட்டரசு விவகாரம். தட்ட வேண்டியது தேசியப் பதிவிலாகாவின் கதவை. உடன் போக வேண்டியது பேரப்பிள்ளையான நீங்கள். மலாய்ப் படிவத்தை நிரப்ப உங்களைவிட நல்ல துணை பாட்டிக்குக் கிடைக்காது.

18 வயதானதும் நான் என்ன செய்ய வேண்டும்?

பதியத் தேவையில்லை. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். 18 வயதில் வேட்பாளராகவும் நிற்கலாம். பினாங்கில் நாடாளுமன்றத்துக்கு ஓர் ஓட்டு, 40 இடங்கள் கொண்ட சட்டமன்றத்துக்கு ஓர் ஓட்டு. இரண்டும் ஒரே நாளில் வராமல் போகலாம். 2022 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கும் 2023 ஆகஸ்ட் 12-இல் சட்டமன்றத்துக்கும் தனித்தனியாகப் போட்டோம்.

கவனிக்க வேண்டியது ஐசியில் இருக்கும் முகவரி. உங்கள் தொகுதியை அதுதான் முடிவு செய்கிறது. என் பழைய மாணவன் ஒருவன் பட்டர்வொர்த்தில் வளர்ந்தவன், ஐசியில் மட்டும் சுங்கை சிப்புட் பாட்டி வீட்டு முகவரி. 2022-இல் முதல் ஓட்டுப் போட அங்கே ரயில் ஏறிப் போனான். ஞாயிற்றுக்கிழமை இரவு இடது ஆள்காட்டி விரலில் மையோடு பட்டர்வொர்த் ஸ்டேஷனில் இறங்கினான். திங்கட்கிழமை காலை, அந்த மை விரலோடு, பதிவிலாகாவில் முகவரி மாற்ற வரிசையில் நின்றிருந்தான்.